அப்பா சுட்ட துருக்கி ரொட்டி

என் அருமை அப்பாவுக்கு,

குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்து பத்து நாளாகிறது. நம் வயலில் குறுவை பச்சை பிடித்துவிட்டது. தம்பி ரவி வழக்கம்போல என்னைக் கேட்காமல் மடையைத் திறந்துவிட்டான். நானும் வழக்கம்போல அவனிடம் பேசாமல் இருந்தேன். நேற்றுக் காலைவரை இங்கே எல்லாம் நீங்கள் விட்டுப்போன மாதிரிதான் இருந்தது. நேற்று நான் உங்கள் துருக்கி ரொட்டியைச் சுட்டேன்.

சிரிக்காதீர்கள். மூன்று நாள் பிடித்தது. இருபத்தாறு வருஷமாகக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன் நான். எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் என்னிடம் படித்தவனை உட்கார வைத்தார்கள் என்பது வேறு கதை. அப்படிப்பட்ட நான் முதல் நாள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டேன். இரண்டாம் நாள் இட்லி மாவு நினைப்பில் விடியும்வரை வெளியே வைத்தேன். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்புமேடையெல்லாம் வழிந்து கிடந்தது. புளித்த கள் வாசனை. உங்கள் மூத்த மருமகள் லலிதா பார்த்துவிட்டு, "உங்கப்பா எழுபத்தாறு வயசுல இதைப் பண்ணினார். ஒரு நாள்கூட மேடை இப்படி ஆகலை" என்றாள்.

ஆகாதுதான். சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர் நீங்கள். எதற்கும் ஓர் அளவு வைத்திருப்பீர்கள்.

உங்கள் போன்தான் எனக்கு வாத்தியார். திறந்ததும் அந்த வீடியோ தானாக வந்து நிற்கிறது. அவ்வளவு தடவை பார்த்திருக்கிறீர்கள். தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு துருக்கி அம்மாள். அவர் பேசுவதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு மட்டும் புரிந்ததா? கையைப் பார்த்தே கற்றுக்கொண்டீர்களா? மைதா, வெதுவெதுப்பான தண்ணீர், ஈஸ்ட், ஒரு கரண்டி தயிர், உப்பு. பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பிறகு விரல் கனத்துக்குத் தேய்த்து, எண்ணெயே போடாமல், தோசைக்கல்லில் நிதானமான தீயில் சுட வேண்டும். புள்ளி புள்ளியாகச் சிவந்து வயிறு உப்பி வருகிறது. கல்லிலிருந்து எடுத்தவுடன் துணியில் சுற்ற வேண்டும் என்பதுதான் சூட்சுமம். சுற்றாமல் வைத்த முதல் ரொட்டி கால் மணி நேரத்தில் வறட்டி ஆகிவிட்டது. துணிக்குள் இருந்தது பஞ்சு மாதிரி இருந்தது. பல்செட் இல்லாமலே நீங்கள் அதைச் சாப்பிட்டது எப்படி என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்று வருஷம் கொல்லைப்பக்க அறையில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு இதைச் சுட்டீர்கள். எத்தனை தடவை கூப்பிட்டிருப்பீர்கள்! "சூடா இருக்குப்பா. ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டுப் பாரேன்." ஒவ்வொரு தடவையும் "எனக்கு மைதா ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போவேன். ஆனால் கல்லூரி கேன்டீனில் தினமும் பரோட்டா தின்றுகொண்டிருந்தேன். நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் அப்பா மைதா ரொட்டி தின்கிறாரே, ஊர் என்னைப் பற்றி என்ன நினைக்கும் என்ற கோபம். ஒரு நாள் கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "சோறு வடிச்சா குழம்பு கேக்கும். குழம்பு வச்சா கறி கேக்கும். இதுக்குத் தயிர் போதும். யாரையும் கேக்க வேண்டாம்."

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நேற்றுவரை லலிதாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிய பிறகு, உங்களையும் முறைபோட்டுக்கொண்டோம். ஒரு தமிழ் மாசம் என் பக்கம், அடுத்த மாசம் ரவி பக்கம். ரோட்டுப் பக்கத்தை அவனுக்குக் கொடுத்தீர்கள் என்ற ஆத்திரம் எனக்கு அப்போது நெஞ்சு முழுக்க இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆனி மாசம் என் முறை. கடைசி வாரத்தில் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்து லலிதாவிடம் சொன்னேன்: "எனக்கு வர்ற ஆனிக்கு முப்பத்திரண்டு நாள். அவனுக்கு வர்ற கார்த்திகைக்கு இருபத்தொன்பதே நாள். இதுலயும் நான்தான் ஏமாந்தவன்."

திரும்பினால் நீங்கள் வாஷ்பேசினில் பல்செட்டைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். குழாயை மூடினீர்கள். என் முறையில் வரும் மார்கழிக்கும் இருபத்தொன்பது நாள்தான் என்று சொல்லியிருக்கலாமே, அப்பா? ஏன் சொல்லவில்லை?

ஆடி ஒன்றாம் தேதி ரவி வீட்டுக்குப் போகவேண்டிய நீங்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லை அறைக்குப் போனீர்கள். "தனியா இருந்து பாக்கணும்போல இருக்கு" என்றீர்கள். ரவி முறையில் போகவில்லை என்பதால் பழி அவன் மனைவி சுமதிமேல் விழுந்தது. "அவ சோத்துக்குப் பயந்து கிழவர் ரொட்டி சுட்டுக்கிட்டிருக்கார்" என்று குடவாசல் அத்தை ஒரு கல்யாணப் பந்தியிலேயே சொன்னார். பக்கத்து இலையில் நான் உட்கார்ந்திருந்தேன். பாயசத்தைக் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

நேற்று ரொட்டி பதமாக வந்ததும், நின்றுகொண்டே ஒன்றைத் தின்றேன். மீதி நான்கைத் துணியோடு எடுத்துக்கொண்டு ரவி வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆவணியில் உங்கள் வருஷத் திதி. அதை எந்தப் பக்கத்தில் கொடுப்பது என்று அவன் மூன்று முறை ஆள் மூலம் கேட்டு, நான் பதில் சொல்லாமல் இருந்த நேரம் அது.

"என்னண்ணே, மடைக்குச் சண்டையா?" என்றான்.

"ரொட்டி."

ஒரு துண்டு பிய்த்து மென்றான். "அப்பாவோடது இன்னும் மெத்துன்னு இருக்கும். உப்பும் கம்மி." அப்போதுதான் தெரிந்தது, அவன் உங்களிடம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். எனக்குப் பொறாமையாக இருந்தது, அப்பா. அந்தப் பொறாமையோடுதான் சொன்னேன், ஆனி மாசத்தையும், முப்பத்திரண்டு நாளையும், வாஷ்பேசினையும். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

சுமதி உள்ளேயிருந்து வந்தாள். முழுக்கக் கேட்டிருக்கிறாள். "அப்ப மாமா என் சாப்பாடு பிடிக்காமப் போகலையா, அத்தான்?"

"இல்லைம்மா."

"மூணு வருஷம் அவருக்கு என்ன குறை வச்சேன்னு யோசிச்சுக்கிட்டே உலை வச்சேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. உங்க குடவாசல் அத்தைகிட்ட யார் சொல்றது?"

ரவிதான், "விடு சுமதி" என்றான். அவள் விடவில்லை. விடக்கூடாதுதான்.

திதி ரவி வீட்டில்தான், அப்பா. சமையல் சுமதி கையால். இன்று காலை நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு அத்தை, சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பந்தியில் உட்கார்ந்ததும், முதல் கரண்டி சோறு விழுவதற்கு முன்னால் நான் எழுந்து நிற்பேன். நீங்கள் யார் வார்த்தையைக் கேட்டுக் கொல்லை அறைக்குப் போனீர்கள் என்று என் வாயால் சொல்வேன். அதன் பிறகு சுமதி எனக்குப் பரிமாறினால் சாப்பிடுவேன். பரிமாறாவிட்டால் அவள்மேல் கோபப்பட மாட்டேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்களுக்குச் சோறு போட்ட நாட்களை எண்ணிய,
உங்கள் மூத்த மகன்