தேதி மட்டும் மாறிய கல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம், ஒருவரைத் தவிர. நம் தலைவர் ஜிகினா போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை காலை, சலூன் நாற்காலியில், முகத்தில் பாதி நுரையோடு. சலூன்காரர் "தலைவரே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று மூன்று தடவை சொன்னாராம். திரும்பவில்லையாம். மூச்சு இல்லை என்று தெரிந்த பிறகும் மீதிப் பாதியை வழித்து, பவுடர் போட்டு, மீசையைச் சீவிவிட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். அரைகுறை முகத்தோடு அவரை ஊர் பார்க்கக் கூடாதாம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பேச்சை எடுத்தாலே "சிக்னல் சரியில்லக்கா" என்று நீ வைத்துவிடுவாய். பதினேழு வருடமாக உன் ஊரில் சிக்னல் அவர் பெயருக்கு மட்டும்தான் போகிறது. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. படி.

ஊரே திரண்டு வந்தது. கடையை அடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எல்லோரும் தாங்களாகவே அடைத்தார்கள். அவருக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்த ஜிகினாத் துண்டைத் தோளில் போட்டுத்தான் படுக்க வைத்திருந்தார்கள். வெயில் பட்டு மின்னியது. கூட்டத்தில் ஒரு பெண் "போற வழிக்கும் வெளிச்சம் போட்டுக்கிட்டுப் போறாரு" என்றாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஆமாம், அழுதேன். உன்னிடம் என்ன மறைப்பது? தெருவிளக்கைத் தின்றார், தார்ச்சாலையைத் தின்றார், பள்ளிக்கூடத்துக் கூரையைத் தின்றார். ஆனால் காரில் போகும்போது கண்ணாடியை இறக்கி, "உளியம்மா, தும்மல் குறைஞ்சுதா? மூக்கைக் கட்டிக்கிட்டு வேலை பாரு" என்று கேட்டுவிட்டுப் போக இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? என் கல் தூசியை நினைவு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கட்சிச் செயலாளர் நேற்றுக் கடைக்கு வந்தார். அடுத்த மாதம் ஜிகினாவுக்கு நினைவுக் கல் திறக்கிறார்களாம். மந்திரி வருகிறார். இடம், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காலி நிலம். நீ பல்லைக் கடித்துக்கொள்வது இங்கேயே கேட்கிறது. கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தார். தங்கத் தலைவர் என்று இருந்தது, சரி. ஏழைகளின் விடிவெள்ளி, அதுவும் போகட்டும். நான் வெட்டாத புளுகா? கடைசி வரியைப் படித்ததும் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். "தாய்மார்களின் காவலர்."

இந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், மற்றதை எல்லாம் தங்க வர்ணம் பூசி இழைத்துத் தருகிறேன் என்றேன். செயலாளர் சிரித்தார். "அக்கா, உங்க கடை நகராட்சி நிலத்துல தலைவர் வாய் வார்த்தையில நிக்குது. இப்ப அந்த வாய் இல்ல. யோசிச்சு வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு, தாளை என் சுத்தியலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

நீயும் நானும் ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசாததை இப்போது எழுதிவிடுகிறேன். அந்த நிலத்தில் மகப்பேறு மருத்துவமனைக்கு அடிக்கல் வெட்டியவள் நான். அப்பா இறந்து நான் தனியாகக் கடை நடத்திய முதல் வருடம். ஜிகினா நேரில் வந்து, கல்லின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார். "தேதிய மட்டும் கல்லுல வெட்டாத. சின்னதா ஒரு பள்ளம் எடுத்து, தனிப் பலகையில வெட்டிச் சொருகிடு. மாத்த வசதியா இருக்கும்" என்றார். கட்டிடம் எப்போது வரும் என்று கேட்டேன். "எனக்கே தெரியாது, கல்லுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் பள்ளத்தை எடுத்தது என் உளி. நான்கு வருடம் கழித்து, தேர்தலுக்கு முன்னால், இரண்டாவது தேதி சொருகினேன். அதற்குள் மருத்துவமனைக்கு வந்த கம்பியும் சிமெண்டும் அவருடைய தியேட்டராக எழுந்து நின்றன. அவர் பிறந்தநாளுக்கு அங்கே இலவசமாகப் படம் போடுவார். நீயும் உன் மனைவியும் போய், முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தீர்கள். நானும்தான்.

அவளுக்கு வலி எடுத்த அன்று, பெரிய மருத்துவமனைக்கு அவளை ஏற்றிக்கொண்டு போன வேன் அந்தக் காலி நிலத்தைத் தாண்டித்தான் போனது. நீ முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தாய். அவள் தலை என் மடியில் இருந்தது. ஜன்னல் வழியாக அடிக்கல்லைப் பார்த்தேன். நடுப்பகல் வெயிலில் என் எழுத்து பளபளவென்று இருந்தது. அதற்கப்புறம் மூடிக் கிடந்த ரயில்வே கேட். அந்தக் கேட்டில் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. உன் மகள் பிழைத்தாள்.

சாவு வீட்டுக்கு ஜிகினா வந்தார். தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அது நடிப்பில்லை, என் கண்ணால் பார்த்தேன். "அடுத்த வாரமே வேலைய ஆரம்பிக்கிறேன்" என்று உன் கையைப் பிடித்துச் சொன்னார். பத்தாம் நாள் கடைக்கு வந்து மூன்றாவது தேதியைச் சொன்னார். அதே நாளில்தான் உன் வெளிநாட்டு வேலைக்கான சிபாரிசுக் கடிதத்தையும் கொடுத்தார். நான் தேதியை வெட்டினேன். நீ கடிதத்தை வாங்கினாய். அவர் யாரையும் ஏமாற்றவில்லை தம்பி. நாம்தான் கையை நீட்டினோம்.

பிறகு மேடை போட இடைஞ்சல் என்று அந்தக் கல்லை என்னிடமே அனுப்பிவிட்டார். "பத்திரமா வை, தேவைப்படும்" என்று சொல்லி அனுப்பினார். இன்றும் பட்டறைப் பின்கட்டில் கிடக்கிறது. உன் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அதில்தான். ஐந்து வயதில் விரலால் தடவித் தடவி "ம-க-ப்-பே-று" என்று வாசித்துவிட்டு, அப்படி என்றால் என்ன அத்தை என்று கேட்டாள். தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

செத்துப்போனவள் உன் மனைவி. அதனால் உன்னைக் கேட்கிறேன். அந்த வரியை நான் வெட்டலாமா, கூடாதா? அடுத்த வருடம் வருகிறேன் என்பதைத் தவிர வேறு ஏதாவது எழுது.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. இரண்டே வரி. "செத்தவரோட நமக்கென்ன வழக்கு? கேட்டதை வெட்டிக் குடுத்துட்டு நிம்மதியா இரு அக்கா." அதற்குக் கீழே, அடுத்த வருடம் கட்டாயம் வருகிறேன் என்று ஒரு மூன்றாவது வரி. அதை நான் வரியாக எண்ணுவதில்லை.

கடிதத்தை உன் மகளிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று நீ நினைக்கலாம். அவளுக்குப் பதினேழு வயது, அவள் அம்மாவைப் பற்றிய கடிதம். கல்லின் கதை முழுவதையும் சொன்னேன், என் உளி, உன் சிபாரிசு, எதையும் விடவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து பின்கட்டுக்குப் போனாள். வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்து அந்தப் பழைய கல்லைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள். "அத்தை, இது தேவைப்படும்னு அவரே சொன்னாரில்ல?" என்றாள். நானும் ஒரு கை நார் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜிகினாவுக்கு ஒரு பழக்கம் உண்டு, நினைவிருக்கிறதா? எந்தக் கல்லையும் திரை விலகுவதற்கு முன் படிக்க மாட்டார். "முன்னாடியே படிச்சிட்டா மூஞ்சில சந்தோஷம் பொய்யாயிடும்" என்பார். திரையை இழுத்ததும் மைக்கைப் பிடித்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சத்தமாக வாசிப்பார். அவர் செய்ததையே இன்றுவரை கட்சியில் எல்லோரும் செய்கிறார்கள். அதனால் விழா அன்று காலையில் நானும் உன் மகளும் கொத்தனாரும் போய்க் கல்லைப் பதித்துத் திரை போட்டபோது, செயலாளர் தூரத்தில் நின்றே "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். பொய் சொல்லவில்லை.

கூட்டம் நன்றாக இருந்தது. முன்வரிசை முழுக்கப் பெண்கள். மந்திரி கயிற்றை இழுத்தார், கை தட்டினார்கள், மைக்கைப் பிடித்தார். கணீரென்று வாசித்தார் தம்பி. "அரசு மகப்பேறு மருத்துவமனை. இக்கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியவர்..." என்று தொடங்கி, ஜிகினாவின் பெயரையும் பட்டங்களையும் ஒன்றுவிடாமல் சொல்லி, கடைசியில் தேதியையும் வாசித்தார். அன்றைய தேதி.

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. மந்திரிக்குப் பாதியிலேயே புரிந்திருக்க வேண்டும், ஆனால் வாய் ஓடிக்கொண்டிருந்ததே! அதற்குள் முன்வரிசை எழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி வருது, ஆஸ்பத்திரி வருது என்று பெண்கள் கத்தினார்கள். ஒருத்தி தன் நிறைமாத மகளின் கையைத் தூக்கிப் பிடித்து ஆட்டினாள். எதிரே பத்து கேமரா. மந்திரி கேமராக்களைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் அண்ணனோட கடைசி ஆசை. அதை நிறைவேத்தாம இந்த அரசாங்கம் ஓயாது" என்றார். அவரும் ஜிகினாவிடம் பாடம் கேட்டவர்தானே. செத்த பிறகு வந்து அடிக்கல் நாட்டிய ஒரே தலைவர் என்று மறுநாள் பத்திரிகையில் கிண்டல் வந்தது. ஜிகினா உயிரோடு இருந்திருந்தால் அந்தத் துணுக்கைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டியிருப்பார்.

எனக்கு அவர் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. தீரவில்லை. தீரவும் வேண்டாம். செத்துவிட்டார் என்பதற்காக அவர் செய்ததைச் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் செய்ததற்காக, அவர் என்னைச் சிரிக்க வைத்ததையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டும் என்னிடம் இருக்கும். ஆனால் உன் மனைவியைக் காக்காதவரைக் காவலர் என்று என் கையால் வெட்ட மாட்டேன். அதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் எனக்கு வாய் வரவில்லை. இப்போது வந்துவிட்டது.

நேற்று நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது, ஒரு மாதத்தில் கடையைக் காலி செய்ய வேண்டுமாம். நோட்டீஸை இரண்டு பக்கமும் படித்துவிட்டு, பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் வாடிக்கையாளர் ஒருவரின் அளவு குறித்துக்கொண்டேன். காலி செய்வதாக இல்லை. சலூன்காரர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் போட்டிருக்கிறார். "பூட்டு போட வர்றவங்களுக்கு முதல்ல ஷேவிங் பண்ணிவிடுறேன், அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார். முன்வரிசைப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். அவர்கள் காவல் இருப்பது கடைக்கு மட்டுமில்லை, தினமும் நான்கு பேர் போய் அந்தக் கல்லையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். செயலாளர் உன் வேலையிலும் கை வைக்கக்கூடும். அதைப் பற்றி யோசிக்காமல் இதைச் செய்யவில்லை. உன்னைக் கேட்டேன், நீ சொன்னதைச் செய்யவில்லை. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தக் கல்லில் நான் முன்பு எடுத்த பள்ளம் அப்படியே காலியாக இருக்கிறது. அதில் இந்தத் தடவை எதையும் சொருகவில்லை. அதற்குக் கீழே, கல்லிலேயே, அரை அங்குல ஆழத்துக்குத் தேதியை வெட்டச் சொன்னேன். வெட்டியது உன் மகள். அவள் வாழ்க்கையில் வெட்டிய முதல் வரி அதுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்ததும் ஊதித் தூசியைத் தள்ளிவிட்டு, "இத இனிமே யாரும் மாத்த முடியாதுல்ல அத்தை?" என்று கேட்டாள். முடியாது என்றேன்.

அன்று மாலை அவள் கேட்ட இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். அடுத்த வருடம் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் கையில் இன்னும் உளி இருந்தது. கேட்டு எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நீ நல்லபடியாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. வருகிற தேதியை மட்டும் எழுது. தனிப் பலகையில் வேண்டாம், தம்பி. கல்லில் எழுது.

இப்படிக்கு,
உன் மகளோடு கடை வாசலில் உட்கார்ந்திருக்கும்
அக்கா