அப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்த அந்த ஒரு சொல்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று இன்றைக்குத்தான் நெஞ்சில் கைவைத்து எழுத முடிகிறது. நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே?

மாணவர் விடுதியில் ஒன்பது பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததையும், சமைக்கிறவர் என்று அப்பாவை இரத்தம் கொடுக்கச் சொன்னதையும் போனில் சொன்னேன் அல்லவா, அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். காமாலைக் கிருமிக்கான எதிர்ப்புச் சக்தி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தது. வார்டன் அம்மா அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும், "இவராலதான்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றாளாம். இருபத்திரண்டு வருஷம் அந்த அடுப்படியில் வெந்த மனுஷன் கரண்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? அவருக்குத் தனித்தட்டு, தனித்தம்ளர் வைத்தேன், பாவி. அதையும் அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மனசு கேட்கவில்லை, ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு லேபுக்கே போனேன். அங்கிருந்த பெண் தங்கமானவள். "அம்மா, இது பழசு புதுசு ரெண்டையும் சேத்துக் காட்டுற டெஸ்ட். எப்பவோ வந்து போன காமாலைக்கும் பாசிட்டிவ்னுதான் வரும். இப்பத்தான் வந்திருக்கான்னு தெரியணும்னா ஐஜிஎம்னு இன்னொரு டெஸ்ட் பாக்கணும்" என்று சொல்லி, மிச்சமிருந்த இரத்தத்திலேயே பார்த்தாள். ஐஜிஎம் இல்லவே இல்லையடி! சின்ன வயதில் தெரியாமலே வந்து போயிருக்குமாம், இனி அவருக்கு அது வரவே வராதாம். பிறகுதான் விடுதியின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள், கழிவுக் குழாய் கசிந்து அதில் கலந்திருக்கிறது. வார்டன் அம்மா வீட்டுக்கே வந்து மறுபடி வேலைக்குக் கூப்பிட்டாள். படுத்திருக்கிற பிள்ளைகளுக்கு இப்போது பசி எடுக்கிறதா என்றுதான் அப்பா முதலில் கேட்டார்.

நீயும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. விடுதியில் அத்தனை பேர் சந்தேகமாகப் பேசியும் கலங்காதவர், அன்று போனில் நீ "சோப்பு போட்டுத்தானேப்பா கை கழுவுவீங்க?" என்று கேட்டதும், போனை என்னிடம் நீட்டிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். நீ வேண்டுமென்றா கேட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் உன் போன் மணி அடித்தால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறவர், இப்போது என்னை எடுக்கச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவர் நம்பருக்கே அடி. மன்னிப்புக் கேட்டு மறுபடியும் அழ வைத்துவிடாதே. சாப்பிட்டீர்களா என்று கேள், போதும்.

நோய்நொடி அண்டாமல் நீங்கள் இருவரும் நிறைவாக வாழ வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா