பைக்குள் தைத்த புற்றுமண்

அன்பு மகள் புனிதாவுக்கு,

கிள்ளானில் அப்பா, ஷாமினி, நான் மூவரும் சுகம், அந்தக் கடற்காற்றில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் காலை வேண்டுதல். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனாலும் காய்கறி வாங்கப் பாசாருக்கு நடக்கச் சொன்னால் கார் சாவியைத் தேடுகிறார். உன் தங்கைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது, ரயிலில் போய் வருகிறாள். நான் அதே பள்ளி நூலகத்தில். நீ அந்தத் தீவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து தீவுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். வெளியிலிருந்து வந்த ஒரு செடி, வேறெங்கும் இல்லாத ஒன்றை மூடி அழித்துவிடச் சில வருடங்களே போதுமாம். நீ காக்கிற அந்தக் குட்டை மரம் உலகத்திலேயே பதினொன்றுதான் மிச்சம் என்று நீ சொன்ன நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது அங்கே அலுவலகத்தில் எல்லோரும் இருந்தார்கள், அதனால் நான் வாய் திறக்கவில்லை. நீங்கள் துணி காயப்போடும் கயிற்றுக்கு அடியில் தொட்டாற்சுருங்கி முளைத்திருக்கிறது, விதை உன்னுடன் வேலை செய்யும் ஜுஹைரின் பூட்ஸில்தான் வந்தது என்று முடிவு செய்து வெள்ளிக்கிழமைக் கப்பலில் அவரைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றாய். பாவம்மா, கம்போங் மேடான்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்தவரு, மூணு தடவ கழுவினேன்லான்னு சத்தியம் பண்றாரு, யாரும் நம்பல என்று நீ சொன்னது இன்னும் காதில் கேட்கிறது.

அவர் கழுவித்தான் இருப்பார் புனிதா. தவறு என்னுடையது. நீ புறப்படுவதற்கு முதல் நாள் நாகம்மா கோயிலில் பூசாரி அய்யாவு அண்ணனிடம் புற்றுமண் கேட்டேன். புள்ள கடல் தாண்டிப் போவுது, நாகம்மா கூடவே இருக்கணும், கையில குடுத்தா படிச்ச புள்ள தூக்கிப் போட்டுரும், நீயே பையில தச்சு வுட்டுரும்மா என்றார். உன் நீலப் பையின் அடி அட்டைக்குக் கீழே ஒரு கைப்பிடி மண்ணை மஞ்சள் துணியில் பொதிந்து தைத்தேன், உனக்கே சொல்லவில்லை. அந்தப் பையைத் துவைத்துக் கயிற்றில் போட்டதாகப் போன மாதம் சொன்னாயே, சொட்டிய தண்ணீரோடு அந்த மண்ணும் கீழே இறங்கியிருக்கும். நேற்று வேலை முடிந்து கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன், புற்றைச் சுற்றிலும் தொட்டாற்சுருங்கி. இத்தனை வருடமாக அதைத் தாண்டித்தான் விளக்கேற்றியிருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை. அப்பாவிடம் சொன்னதற்கு, சும்மா இருலா, புள்ள வேலை போயிரும், அந்த ஆளு வேற எடம் பாத்துக்குவாரு என்றார். அரை மணி நேரம் கழித்து அவரே வந்து, சரி எழுது, ஆனா எல்லாம் உன் வேலைன்னு தெளிவா போடு என்றார்.

தெளிவாகவே போடுகிறேன். உனக்குத் தெரியாமல் நான் செய்தது. பையை வெளியில் வைத்துப் பிரிக்காதே, மூடிய உறையில் போட்டு அப்படியே உங்கள் தலைவரிடம் கொடு. எரித்தாலும் சரி, கொதிக்க வைத்தாலும் சரி, நாகம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அந்த விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்குமாம், கயிற்றடியை விடாமல் பார்த்து வா. ஜுஹைரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அவர் சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் நானே கேட்கிறேன், யார் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. உன்னையும் திருப்பி அனுப்பினால் தலையைத் தொங்கப் போடாமல் வா, உன் அறை அப்படியே இருக்கிறது. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு.

ஷாமினி இதைப் படம் எடுத்து, ஆங்கிலத்திலும் எழுதி, இன்றே மின்னஞ்சலில் அனுப்புகிறாள். வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கு முன் காட்டிவிடு, மறக்காதே. நீயும் உன் பதினொரு மரங்களும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். தலைவரிடம் காட்ட வேண்டிய கடிதம் என்பதால் வெறும் அம்மா என்று எழுதாமல் முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அம்மா,
உஷாராணி முகுந்தன்,
கிள்ளான்.