வாங்க, மிஸ்

புதன், இரவு

இன்று பின்னேரம் செட்டிபாளையத்துக்குப் போய் வந்தேன். என் ஹோட்டல் முகாமைத்துவ வகுப்பு மாணவி சுபாவின் அப்பா, வாவியில் மீன் பிடிக்கப் போனவர், தோணியிலேயே நெஞ்சு வலித்து இறந்துவிட்டார்.

விருந்தினரை வரவேற்கும் பாடத்தில் மட்டும் சுபா ஒவ்வொரு முறையும் தடுமாறுவாள். நிலத்தைப் பார்ப்பாள், குரல் எழும்பாது. "இப்படி நிண்டா எந்த ஹோட்டல்ல புள்ள உனக்கு வேலை தருவாங்க?" என்று போன கிழமைகூட ஏசினேன்.

இன்று அப்பாவின் பெட்டியருகில் இருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்தாள். கண்ணைப் பார்த்தாள். கைகூப்பிச் சிரித்து, "வாங்க மிஸ்" என்றாள். அத்தனையும் சரி.

சாவீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். "என்னடி புள்ள இது, செத்த வீட்டில ஆக்கள வாங்க எண்டு சொல்லுறதா?" என்று அவளுடைய மாமி அதட்டினார். சுபா என்னைத்தான் பார்த்தாள். எங்கே பிழைத்தது என்று தெரியாமல் வகுப்பில் பார்க்கும் அதே பார்வை.

நான் அவளைக் கடந்துபோய்ப் பெண்களோடு பாயில் இருந்தேன். புறப்படும்போது, சாவீட்டு வழக்கப்படி, சொல்லிக்கொள்ளாமலே நடந்தேன். வாசல் கடப்படியில் திரும்பிப் பார்த்தால் சுபா பின்னால் நிற்கிறாள். விருந்தினரை வாசல்வரை வந்து வழியனுப்ப வேண்டும் என்பதும் என் பாடம்தான்.