இரண்டு மணிக்குத் திரும்பிவிடுங்கள்

செப்டம்பர் 18

அன்புள்ள எக்ஸ்ரே அம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாம் பிரிந்து ஆறு வருடம் கழித்து எழுதும் கடிதம், பயப்படாதே. ஒரு சந்தேகம் கேட்கத்தான்.

அக்டோபரில் நம் மலைக்குப் போகலாமென்று இருக்கிறேன், தனியாக. பரணிலிருந்து பையை இறக்கிவிட்டேன். உள்ளே என்ன வைப்பது என்றுதான் தெரியவில்லை. இருபது வருடமாக நீ கட்டித் தந்த பையைத்தான் சுமந்திருக்கிறேன். அது என் முதுகில் தானாக முளைக்கிறது என்றே நினைத்திருந்தேன் போல. கொஞ்சம் எழுதி அனுப்புவாயா?

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்


செப்டம்பர் 25

லிஃப்ட்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. ஐம்பத்தெட்டு வயதில் தனியாகவா? சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்! எழுதுகிறேன்.

பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் மலைக்காற்றில் விறைத்துப்போவீர்கள். கம்பளி போடுங்கள், மேலே மழைக்கோட்டு. மாற்றுக் காலுறையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். டார்ச்சுக்குப் புது பேட்டரி. அதைப் பையின் அடியில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். புது ஷூ வாங்கினால் இரண்டு வாரம் படியேறிப் பழக்குங்கள். உதிர்ந்த இலை பார்க்க அழகாகத்தான் இருக்கும், அடியில் ஈரப்பாறை. உங்கள் எலும்பை நானே படம் எடுக்கும்படி வைத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கே இருந்தாலும் மதியம் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுங்கள். அக்டோபரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும்.

பதினோரு வருடம் முன்பு நாம் கடைசியாகச் சேர்ந்து ஏறியது நினைவிருக்கிறதா? என் கணுக்கால் பிசகியது. "இன்னும் பத்தே நிமிஷம்தான், உச்சியத் தொட்டுட்டு ஓடி வந்துர்றேன்" என்றீர்கள். மூன்று மணி நேரம் மூடுபனியில் அந்தச் சாய்ந்த பாறையில் உட்கார்ந்திருந்தேன். அதைக்கூட மறந்திருப்பேன். இறங்கி வந்ததும் முதலில் உச்சியிலிருந்து என்னென்ன தெரிந்தது என்று சொன்னீர்கள். கால் எப்படி இருக்கிறது என்று அதற்கப்புறம்தான் கேட்டீர்கள்.

போகட்டும். மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
நான்தான்


அக்டோபர் 4

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடை கடையாக ஏறி இறங்கினேன். வேலை பார்க்கிற கட்டடத்தில் தினமும் பதினொரு மாடி புது ஷூவோடு ஏறுகிறேன். ஒரு அம்மா என்னை நிறுத்தி, "ரிப்பேர் பண்றவரே படியில போறாரே, அப்ப லிஃப்ட்ட நம்பி ஏறலாமா வேணாமா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க அந்த லிஃப்டில் கூட்டமே இல்லை!

பாறையைப் பற்றி எழுதியிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். வரும் சனிக்கிழமை போகிறேன்.

உன்,
லிஃப்ட்காரன்


அக்டோபர் 13

அன்புள்ள உனக்கு,

பத்திரமாக வந்துவிட்டேன்.

அடிவாரத்தில் இப்போது பதிவேடு வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்த பெண், "திரும்பி வரலன்னா யாருக்குச் சொல்லணும்? பேரும் நம்பரும் எழுதுங்க சார்" என்றாள். பேனாவைப் பிடித்தபடி நின்றேன். வேறு யாரை எழுதுவது? உன் பெயரைத்தான் எழுதினேன்.

ஏழு மணிக்கு ஏற ஆரம்பித்தேன். மலை முழுக்க மஞ்சள். மூச்சு வாங்குவதை மறைக்க இலை பொறுக்குவதுபோல் நீ குனிவாயே, அந்த வளைவில் நானும் இரண்டு தடவை குனிந்தேன். பக்கத்தில் சிரிக்க ஆளில்லை.

இரண்டு மணிக்கு உச்சி கண்ணுக்கெதிரே நின்றது. பத்தே நிமிடம்தான். கால் உச்சிப் பக்கமே இழுத்தது. திரும்பிவிட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் மூடுபனி இறங்கி, முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. அந்தச் சாய்ந்த பாறை வரை தடவித் தடவி வந்து உட்கார்ந்தேன். விசில் ஊதினேன், பதில் இல்லை. பனி விலகக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள்ளேயே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உன்னை மூன்று மணி நேரம் அங்கே உட்கார வைத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு. பதினோரு வருடம் தாமதம்தான்.

கடைசி ஒரு மைல் டார்ச் வெளிச்சத்தில் இறங்கினேன். அந்தப் பெண் பதறிப்போயிருந்தாள். "இவ்ளோ நேரமா சார்? நீங்க குடுத்த நம்பருக்குப் போட்டா அப்படி ஒரு நம்பரே இல்லங்குது!" நான் எழுதியது நம் பழைய வீட்டு எண்.

உன்,
லிஃப்ட்காரன்


அக்டோபர் 21

அன்புள்ள உங்களுக்கு,

வேலைக்குக் கிளம்பும்போது உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு செருப்போடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அரை நாள் விடுப்பு.

திரும்பி வா என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்கு நன்றி. கேட்டிருந்தால் வரமாட்டேன் என்று எழுத வேண்டியிருக்கும், எழுதக் கை வந்திருக்காது. இந்த இரண்டு அறை எனக்குப் பழகிவிட்டது. இங்கே எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

ஆனால் பதிவேட்டில் எழுதியதை அடிக்க வேண்டாம். அடுத்த இலையுதிர்காலத்தில் போவதானால் எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று முன்பே எழுதிப் போடுங்கள். நீங்கள் இறங்கிவிட்டீர்கள் என்று தெரிகிறவரை போன் பக்கத்திலேயே இருப்பேன்.

என் புது எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஏழா ஒன்றா என்று குழம்பாமல் இருக்க எழுத்திலும் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
எக்ஸ்ரே அம்மா