மரியாதை தெரிந்த பூனைகள்

அக்கா,

பூனைகளைக் காப்பகத்தில் விட வேண்டாம். நீ கொடுத்த கெடு நாளையோடு முடிகிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் சாப்பிட்டுவிட்டுத் தெருவில் திரிந்த இரண்டும் என் மூன்றாம் மாடிக்கு வந்து பத்து நாளாகிறது. பால்கனிக்கு வலை கட்டினேன், ஜன்னல்களுக்கும். ஆனாலும் வாசற்கதவை ஒட்டியே கிடந்தன. கதவு திறந்தால் ஒரே பாய்ச்சல். கீழே லாரி ஓடும் சாலை. "வா, வா" என்று கெஞ்சினேன், மீனைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டன.

நான்கு நாள் முன்பு குழாய் ரிப்பேர்க்காரர் வந்து, செருப்போடு தயங்கி நின்றார்.

"வாங்க, பரவால்ல, உள்ள வாங்க" என்றேன்.

அவர் அசைவதற்குள் பூனைகள் இரண்டும் எழுந்து உள்ளே நடந்தன.

"என்னங்க, உங்க வீட்ல பூனைக்குக்கூட மரியாதையா?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அப்பா அவற்றை ஒருநாளும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. "வாங்க சார், உள்ள வாங்க மேடம்." கழுதை என்று கூப்பிட்டதெல்லாம் நம் இருவரைத்தான்.

இப்போது நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவை உடனே உள்ளே வந்துவிடுகின்றன. கதவு திறந்தாலும் அசைவதில்லை. அங்கிருந்து கொண்டுவந்த அப்பாவின் நாற்காலியில் சார், இஸ்திரி போட்ட என் சட்டைகள்மேல் மேடம்.

அப்பா போன பிறகு நீ இங்கே வரவே இல்லை. எத்தனை தடவை "வா" என்றிருப்பேன். தப்பு என்னுடையதுதான்.

வாங்க அக்கா. உள்ள வாங்க.

இப்படிக்கு,
சின்னக் கழுதை