நீங்கள் வெட்டிய பாதி

ஃபாதர்,

உங்கள் முப்பதாம் நாள் பூசைக்காகப் பங்குக் கோவிலில் அச்சிட்ட நினைவு அட்டையைப் பக்கத்துத் தெரு ஸ்டெல்லா இன்று காலை தந்தாள். மை வாடை இன்னும் போகவில்லை. உங்கள் படத்துக்குக் கீழே, உங்கள் பொன்மொழியாக ஒரு வரி: "இனி எனக்கு யாரும் வேண்டாம்."

"ஃபாதர் எம்புட்டு அழகாச் சொல்லியிருக்காக, பாத்தியளாக்கா?" என்றாள். உட்காரச் சொல்வதற்குள், "நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் வாரேன்" என்று படியிறங்கிவிட்டாள்.

அது என் வரி. உங்களுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் மாலை நேரங்களில் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். கான்வென்ட்டில் நான் படித்த லத்தீனை நம்பி, உங்கள் கட்டுரையைத் திருத்தத் தருவீர்கள். ஐரோப்பாவின் இடைக்காலத் துறவிகளைப் பற்றிய கட்டுரை. கிறிஸ்துவை அறியாத பழைய ரோமைக் கவிஞர்களின் வரிகளை, பரவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குவது போல அவர்கள் பொறுக்கினார்கள். காதலிக்காக ஏங்கிய வரியில் காதலியை வெட்டிவிட்டால் அது கடவுளுக்கான ஏக்கம். நாளடைவில் கவிஞன் பெயரும் உதிர்ந்துவிடும். ஏதோ ஒரு புனிதர் சொன்னதாகப் பிரசங்கத்தில் வரும்.

"இது திருட்டு, ஃபாதர்" என்றேன்.

"திருட்டு இல்லம்மா, ஞானஸ்நானம்."

என் கணவர் காபியை நீட்டியபடி, "அந்தக் கவிஞன்ட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா சாமி?" என்றார். அதற்கும் சிரித்தீர்கள்.

என் கணவரை அடக்கம் செய்த அன்று, குழியில் நான் மண் போட்டு நிமிர்ந்ததும் ஆறுதல் சொல்ல வந்தீர்கள். நான் சொன்னது இது: "இனி எனக்கு யாரும் வேண்டாம். நீங்களும் வேண்டாம், உங்க கடவுளும் வேண்டாம்."

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் முதல் பாதி மட்டும் வந்தது. உலகைத் துறந்து கடவுளைப் பற்றிக்கொண்ட ஒரு விதவையின் சொல் என்றீர்கள். கோவிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்ததும் உங்களிடம் வந்தேன்.

"மிச்சத்தை எங்கே விட்டீங்க?"

"அது கோவத்துல வந்ததும்மா. நல்லத மட்டும் எடுத்துக்கிட்டேன்."

அந்த நல்லது என்ன செய்தது தெரியுமா? அக்கா ஜெபத்தில் இருப்பார், தொந்தரவு கூடாது என்று பங்கே முடிவு கட்டியது. கிறிஸ்துமஸ் அன்று கேக் தட்டைக்கூட வாசல் சுவரில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் துறவியல்ல, வந்து உட்காருங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல என் தன்மானம் இடம் தரவில்லை. நீங்கள் ஒரே ஒரு ஞாயிறு சொல்லியிருக்கலாம். சொல்லாமலே போய்ச் சேர்ந்தீர்கள்.

இறந்தோருக்கான மன்றாட்டில் உங்கள் பெயரை வாசிக்கிறார்கள். எல்லாரும் பதில் சொல்கிறார்கள், நான் சொல்வதில்லை. அந்த நேரத்தில் என் வார்த்தைகளைக் கடைசிவரை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன், உங்களிடம் அல்ல, கடவுளிடம். வேண்டாம் என்று அவரிடமே சொல்கிறேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொள்கிறார். இதுவரை ஒரு சொல்லையும் வெட்டவில்லை.